மலை ட்ரெயில் ரேஸ்ல பாதுகாப்பா ஓடுறது பத்தி: முதல் தடவை 50 கி.மீ. போறவங்களுக்கு

ரோட்ல ஹாஃப் மாரத்தான், ஃபுல் மாரத்தான் ஓடியாச்சு, இப்ப மலையில 50 கி.மீ. ட்ரெயில் ரேஸுக்கு (ரோடு இல்லாம மலை, காட்டுப் பாதையில ஓடுற போட்டி) பேர் குடுத்திருக்கேன், கட்டாயம் கொண்டு வரணும்னு நீளமா ஒரு கிட் லிஸ்ட் அனுப்பியிருக்காங்க, வெயில் காலத்துல ரெயின் ஜாக்கெட்டும் கையுறையும் நிஜமாவே வேணுமா, வேற எதுக்கெல்லாம் ஜாக்கிரதையா இருக்கணும்னு கேட்டிருக்கீங்க. வேணும். ஒண்ணு விடாம எல்லாமே வேணும். அந்த லிஸ்ட்டை நீங்க ஓடிட்டு இருக்கிற நேரத்தை மனசுல வச்சு பாக்குறீங்க, அதனாலதான் அது அதிகமா தெரியுது. ஆனா அது நீங்க ஓட முடியாம போற அந்த ஒரு மணி நேரத்துக்காக போட்ட லிஸ்ட். கால் பிசகி உக்காந்துட்டீங்க, இல்ல சாப்பிட்டது எல்லாம் வாந்தியா வந்து சோர்ந்து போயிட்டீங்க, அடுத்த எய்ட் ஸ்டேஷன் (தண்ணி, சாப்பாடு, உதவி கிடைக்கிற இடம்) 7 கி.மீ. தள்ளி இருக்கு, மழை வேற பிடிச்சுக்கிச்சு, அந்த நேரத்துல உங்க பையில என்ன இருக்குங்கிறதுதான் கணக்கு.

இது ஏன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா காரணம் புரிஞ்சாதான் லிஸ்ட்ல இருந்து எதையும் நைசா எடுத்து வெளிய வைக்க மாட்டோம். ஓடும்போது உடம்பு செலவு பண்ற சக்தியில முக்கால் பங்கு சூடாத்தான் வெளிய போகுது, கால் பங்குதான் அசைவுக்கு போகுது. அதனாலதான் பத்து டிகிரி குளிர்ல கூட ஷார்ட்ஸும் டீ-ஷர்ட்டும் போட்டுக்கிட்டு சுகமா ஓட முடியுது. நின்னா அந்த சூடு சட்டுனு குறைஞ்சிடும், ஆனா வேர்வையில நனைஞ்ச துணி மேலயேதான் இருக்கும். ஈரம் உடம்புச் சூட்டை காத்தை விட பல மடங்கு வேகமா உறிஞ்சும். இதுல மலை தன் பங்குக்கு ரெண்டு விஷயம் சேர்க்குது: ஏறுற ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சராசரியா 6.5 டிகிரி குறையும், அப்புறம் முகட்டுல காத்து. தெர்மாமீட்டர் 5 டிகிரின்னு காட்டுற இடத்துல மணிக்கு 40 கி.மீ. வேகத்துல காத்து அடிச்சா உங்க தோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழ போன மாதிரிதான். கீழ ஸ்டார்ட்டிங் பாயிண்ட்ல வெயில் அடிக்குதுன்னு ஜாக்கெட்டை கார்லயே வச்சிட்டு வர்றவங்க இந்த ரெண்டையும் கணக்குல எடுத்துக்கிறதில்ல.

2021 மே 22ல சீனாவோட கான்சு மாகாணத்துல, மஞ்சள் ஆத்துப் பக்கம் கல்காடுன்னு சொல்ற பகுதியில நடந்த 100 கி.மீ. ரேஸ் பத்தி ட்ரெயில் ஓடுற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சு வச்சிருக்கணும். 172 பேர் கிளம்பினாங்க, 21 பேர் இறந்துட்டாங்க. பாறை விழுந்து இல்ல, பள்ளத்துல விழுந்து இல்ல, குளிர்ல. மதியத்துக்குள்ள பலத்த காத்து, ஆலங்கட்டி, உறைய வைக்கிற மழை எல்லாம் சேர்ந்து வந்துச்சு, அதுவும் ரெண்டாவது செக் பாயிண்ட்டுக்கும் மூணாவதுக்கும் நடுவுல, எட்டு கிலோமீட்டருக்குள்ள ஏறக்குறைய 1000 மீட்டர் ஏறுற இடத்துல, வண்டி போக வழியில்லாத பகுதியில. காத்தைத் தடுக்கிற ஜாக்கெட் அந்த ரேஸோட கட்டாய லிஸ்ட்ல இல்ல. நிறைய பேர் கதகதப்பான துணியை டிராப் பேக்ல (வழியில எடுத்துக்க முன்கூட்டியே குடுத்து அனுப்புற பை) போட்டு முன்னாடியே வேற செக் பாயிண்ட்டுக்கு அனுப்பிட்டாங்க. இறந்தவங்கள்ல லியாங் ஜிங் மாதிரி சீனாவோட மிகச் சிறந்த அல்ட்ரா ரன்னரும் (மாரத்தானை விட நீளமான தூரம் ஓடுறவர்) இருந்தார், அதனால நல்லா டிரெயினிங் எடுத்தவனுக்கு ஒண்ணும் ஆகாதுங்கிற நினைப்பை தயவு செஞ்சு விட்டுருங்க. உண்மையில முன்னாடி ஓடுறவங்கதான் அந்த உச்சியில மாட்டினாங்க, பின்னாடி வந்தவங்கள்ல பல பேர் ஏறாம திரும்பி பிழைச்சாங்க. அங்க ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த ஒருத்தர் தான் ஒதுங்குற குகைக்குள்ள ஆறு பேரை கொண்டு வந்து தீ மூட்டி காப்பாத்தினார். ஒதுங்க ஒரு இடம், காஞ்ச துணி, கொஞ்சம் சூடு, உயிர் பிழைக்க தேவைப்பட்டது அவ்வளவுதான்.

இது சீனாவுல மட்டும் நடந்ததும் இல்ல. 2008 ஜூலைல ஜெர்மனியில சுக்ஷ்பிட்ஸ மலை ஓட்டத்துல வானிலை மாறி பனி கொட்டி ரெண்டு பேர் இறந்தாங்க, கோடை காலத்துல, மெல்லிசு துணியோட ஓடினவங்க பல பேர் அதுல இருந்தாங்க.

உடம்போட உள் வெப்பம் 35 டிகிரிக்கு கீழ போனா அது ஹைப்போதெர்மியா. தெர்மாமீட்டர் தூக்கிட்டு யாரும் ஓடுறதில்ல, அதனால அறிகுறியைத்தான் பாக்கணும். முதல்ல நடுக்கம், அப்புறம் விரல் சொல் பேச்சு கேக்காது, ஜிப்பை இழுக்க முடியாது, சக்திக்கு சாப்பிடுற ஜெல் பாக்கெட்டை பிரிக்க முடியாது, பேச்சு குழறும், கால் தடுமாறும், காரணமே இல்லாம எரிச்சல் வரும். நடுங்கிட்டு இருந்தவர் இன்னும் குளிர்லயே இருக்கும்போது நடுக்கம் நின்னு போச்சுன்னா அவர் தேறிட்டார்னு நினைச்சிடாதீங்க, நிலைமை மோசமாகுதுன்னு அர்த்தம். இதுல இருக்கிற பெரிய ஆபத்து என்னன்னா மூளையும் மந்தமாகிடும், தனக்கு ஆபத்துன்னு அவருக்கே தெரியாது. அதனால ஜாக்கெட்டை எப்ப போடணுங்கிறதை முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கணும். என் கருத்து: மழைத் தூறல் விழுந்த உடனே, இல்ல மரங்கள் முடிஞ்சு திறந்த முகட்டுக்கு ஏறுறதுக்கு முன்னாடியே போடுங்க. நனைஞ்சு நடுங்க ஆரம்பிச்ச அப்புறம் போட்டா அது உள்ள இருக்கிற ஈரத்தைத்தான் மூடி வைக்கும், அதுவும் விரல் வேலை செஞ்சாதான் போடவே முடியும். நிறுத்த ஒரு நிமிஷம் ஆகுமேன்னு தள்ளிப் போடுறவங்கதான் அதிகம், அந்த ஒரு நிமிஷத்துல எந்த ரேஸும் தோத்துப் போயிடாது.

ஜாக்கெட்னா தண்ணி உள்ள வராத ஜாக்கெட், தொப்பி சேர்ந்தது, தையலை உள்பக்கம் டேப் போட்டு அடைச்சது, வாட்டர்ப்ரூஃப் அளவு 10,000 மி.மீ.ன்னு போட்டிருந்தா போதும். காத்துக்கு மட்டும் போடுற மெல்லிசு விண்ட்சீட்டர் வேற, அது மழையில பத்து நிமிஷம் தாங்காது. உள்ள போட காஞ்ச ஃபுல் கை சட்டை ஒண்ணை ஜிப்லாக் கவர்ல போட்டு வைங்க, பை முழுக்க நனைஞ்சாலும் அது நனையாது. அப்புறம் அந்த மின்னுற ஃபாயில் போர்வை, ஐம்பது அறுபது கிராம்தான் இருக்கும். நிறைய பேர் அதை மேல போர்த்திக்கிறாங்க, காத்துல அது கிழிஞ்சு பறந்துடும். ஜாக்கெட்டுக்கு உள்ள, சட்டைக்கு மேல சுத்திக்கிட்டு ஜாக்கெட்டை இழுத்து மூடணும். பணமும் இடமும் இருந்தா தூங்குற பை மாதிரி இருக்கிற எமர்ஜென்சி பேக் வாங்குங்க, உள்ள போய் படுத்துக்கலாம், காத்து உள்ள வராது. தரையில உக்காரணும்னா அடியில பையைப் போட்டு உக்காருங்க, ஈரத் தரை சூட்டை உறிஞ்சிடும். இதை எல்லாம் வீட்டுல ஒரு தடவை பிரிச்சுப் போட்டு பாத்துடுங்க, முதல் தடவையா முகட்டுல இருட்டுல பிரிக்கக் கூடாது.

மின்னல் பத்தி. மின்னலைப் பாத்ததுல இருந்து இடி கேக்குற வரைக்கும் எண்ணுங்க, மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். 30 செகண்டுக்குள்ள இடி கேட்டா அது பத்து கிலோமீட்டருக்குள்ள வந்தாச்சு, முகட்டை விட்டு உடனே இறங்கணும், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகுற வரைக்கும் திரும்ப மேல போகக் கூடாது. தனி மரத்தடி வேணாம், ஆழமில்லாத குகை வாய், பாறை இடுக்கு இதுவும் வேணாம், மின்சாரம் தரை வழியா அங்க தாவும். கூட்டமா நிக்காம தள்ளித் தள்ளி நில்லுங்க, ஒருத்தருக்கு அடிச்சாலும் மத்தவங்க உதவிக்கு இருப்பாங்க. மலையில இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் கட்டும், அதனால உங்க வேகத்துக்கு உயரமான இடத்தை எத்தனை மணிக்கு தாண்டுவீங்கன்னு ரேஸுக்கு முன்னாடியே கணக்கு போட்டு பாருங்க. வானிலை பாக்கும்போது அடிவார ஊருக்கு பாக்காதீங்க, ரேஸ் பாதையோட உச்சி உயரத்துக்கு பாருங்க, ரெண்டும் வேற வேற.

இப்ப இதுக்கு நேர் எதிர்ப்பக்கம், வெயில். அதே ரேஸ்லயே காலையில பள்ளத்தாக்குல வெந்து, சாயங்காலம் மேல நடுங்குறதும் உண்டு. ஹீட் ஸ்ட்ரோக்ல உள் வெப்பம் 40 டிகிரிக்கு மேல போயிடும், ஆனா கவனிக்க வேண்டியது நடத்தையை: குழப்பமா பேசுறார், திசை தெரியாம நடக்குறார், கோபப்படுறார், மயங்குறார். வேர்வை நின்னாதான் ஹீட் ஸ்ட்ரோக்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு, ஓடுறவங்களுக்கு வேர்வை கொட்டும்போதே வரும். முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் தூக்கிட்டு போறது. பக்கத்துல ஓடை இருந்தா தலையை வெளிய பிடிச்சுக்கிட்டு கழுத்து வரைக்கும் தண்ணில வைங்க, ஆளை விடாம பிடிச்சுக்கணும், ஓடை இல்லைன்னா இருக்கிற தண்ணி எல்லாத்தையும் உடம்பு மேல ஊத்தி விசிறுங்க. இங்க ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

தண்ணி குடிக்கிறதுல கம்மியா குடிக்கிறது ஒரு பக்கம் ஆபத்துன்னா அதிகமா குடிக்கிறதும் ஆபத்து, இது பல பேருக்கு தெரியாது. தேவைக்கு மேல குடிச்சா ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போகும், லிட்டருக்கு 135 மில்லிமோலுக்கு கீழ போனா அதுக்கு பேர் ஹைப்போநேட்ரீமியா, ரொம்ப கீழ போனா மூளை வீங்கி வலிப்பு வரும், உயிரும் போகும். 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடினவங்கள்ல 488 பேரோட ரத்தத்தை சோதிச்சதுல 13 சதவீதம் பேருக்கு இது இருந்துச்சு, ஓடிட்டு இருக்கும்போதே எடை கூடினவங்களுக்குத்தான் அதிகம். அதனால தாகம் எடுத்தா குடிங்க, கடிகாரம் பாத்து லிட்டர் கணக்குல உள்ள தள்ளாதீங்க. விரல் வீங்கி வாட்ச் ஸ்ட்ராப் இறுகுது, தலை வலிக்குது, குமட்டுது, வயித்துல தண்ணி தளும்புதுன்னா குடிக்கிறதை நிறுத்திட்டு எய்ட் ஸ்டேஷன்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க. உப்பு மாத்திரை போட்டுக்கிட்டா எவ்வளவு வேணா குடிக்கலாம்னு நினைக்காதீங்க, அதிகமா குடிச்சா உப்பு மாத்திரையால அதை தடுக்க முடியாது.

கூடவே வலி மாத்திரை. ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகளை ரேஸுக்கு முன்னாடியும் நடுவுலயும் போட்டுக்கவே போட்டுக்காதீங்க. நீர் வத்தின உடம்புல, தசை சிதைஞ்சு கழிவு ரத்தத்துல சேர்ந்துட்டு இருக்கிற நேரத்துல அது சிறுநீரகத்துக்குப் போற ரத்த ஓட்டத்தை குறைக்கும். மாத்திரை போட்டாதான் அடுத்த பத்து கிலோமீட்டர் போக முடியும்னா நிறுத்த வேண்டிய நேரம் வந்தாச்சு.

விழுறது பத்தி உங்களுக்கு பயம் அதிகமா இருக்கும், அதுல பெரும்பாலானது சிராய்ப்பும் சுளுக்கும்தான், அதுவும் இறக்கத்துல, தொடை சோர்ந்து காலைத் தூக்க முடியாம வேர்ல தட்டி விழுறது. ரோட்ல ஓடினவங்களுக்கு ஏத்தத்துல நுரையீரல் பழகியிருக்கும், இறக்கத்துக்கு தொடை பழகியிருக்காது. அதனால ரேஸுக்கு முன்னாடி சில வாரம் நீளமான இறக்கம் இறங்கிப் பழகுங்க, இதை விட நல்ல பாதுகாப்பு எந்த ஷூவும் தராது. சின்னச் சின்ன அடியா வைங்க, பார்வை பாதத்துல இல்லாம நாலஞ்சு அடி முன்னாடி இருக்கணும், காட்சியை ரசிக்கணும்னா நின்னு ரசிங்க. ஒத்தையடிப் பாதையில யாராவது தாண்டினா மலைப் பக்கம் ஒட்டி ஒதுங்கணும், பள்ளத்துப் பக்கம் கூடாது. கரடுமுரடான இறக்கத்துல போல்ஸோட (ஊன்றிக்கிட்டு போற கைத்தடி) பட்டையை மணிக்கட்டுல மாட்டிக்காதீங்க, விழுந்தா கை ஊன முடியாது. காலால கல் உருண்டா கீழ இருக்கிறவங்களுக்கு சத்தமா கத்துங்க. ஓடையில தண்ணி வேகமா ஓடி முட்டிக்கு மேல இருந்தா தனியா இறங்காதீங்க, இறங்கினா பையோட பெல்ட்டை முன்னாடியே கழட்டி விட்டுருங்க. தலையில அடிபட்டு தலை சுத்துனாலோ, குமட்டினாலோ, கொஞ்ச நேரம் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இல்லைன்னாலோ ரேஸ் அத்தோட முடிஞ்சுது, நல்லாத்தான் இருக்கேன்னு தோணினாலும்.

50 கி.மீ. பகல்லயே முடிச்சிடுவேன்னு நினைச்சாலும் ஹெட்லேம்ப் எடுத்துக்கங்க. மலையில இருட்டு சீக்கிரமா வரும், நீங்க நினைச்ச நேரத்துக்கு முடிக்கவும் மாட்டீங்க. உபரி பேட்டரியும் ஃபோனும் உடம்பை ஒட்டி வைங்க, குளிர்ல பேட்டரி வேகமா இறங்கும்.

வழி தவறுறது. ரேஸ் பாதையோட ஜிபிஎக்ஸ் ஃபைலை (வழியைக் காட்டுற ஜிபிஎஸ் ஃபைல்) வாட்ச்லயும் ஃபோன்லயும் ஏத்தி வைங்க, ஆஃப்லைன் மேப்போட. கொஞ்ச நேரமா ரிப்பனோ குறியோ கண்ணுல படலைன்னா முன்னாடி போய் தேடாதீங்க, கடைசியா பாத்த குறிக்கு திரும்பி வாங்க. கீழ ஏதோ ரோடு தெரியுதேன்னு குறுக்க இறங்கவே கூடாது, அப்படி இறங்கினவங்கதான் ஏறவும் முடியாம இறங்கவும் முடியாம பாறையில மாட்டுறது. முன்னாடி போறவர் பின்னாடியே கண்ணை மூடிக்கிட்டு போறதும் வேணாம், அவரும் தப்பா போயிட்டு இருக்கலாம். உதவி வேணும்னா விசில்: ஒரு நிமிஷத்துல ஆறு தடவை, அப்புறம் ஒரு நிமிஷம் இடைவெளி, திரும்ப ஆறு. பதிலுக்கு நிமிஷத்துக்கு மூணு வரும். ராத்திரின்னா இதையே லைட்டால பண்ணலாம். கத்தினா பத்து நிமிஷத்துல தொண்டை போயிடும், விசில் போகாது. ஃபோன் சிக்னல் லேசா இருந்தா கால் போகாத இடத்துல கூட மெசேஜ் போகும், எங்க இருக்கீங்கன்னு லொக்கேஷன் எண்ணோட அனுப்புங்க. பிப்லயே (நெஞ்சுல குத்திக்கிற நம்பர் அட்டை) எமர்ஜென்சி எண் அச்சடிச்சிருப்பாங்க, ஆனாலும் ஃபோன்ல சேவ் பண்ணிடுங்க.

ரேஸ் 2500 மீட்டருக்கு மேல போகுதுன்னா உயரம் தனி விஷயம். தலைவலியோட வாந்தி, உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குறது, குடிச்சவர் மாதிரி தள்ளாடுறது இதெல்லாம் வந்தா மருந்து ஒண்ணுதான், கீழ இறங்குறது, தனியா இல்ல.

ரேஸ் நடத்துறவங்களையும் நீங்க எடை போட்டுப் பாக்கணும், கேள்வி கேக்க கூச்சப்படாதீங்க. வானிலை கெட்டா மாத்துப் பாதை இருக்கா, நிறுத்துற முடிவை யார் எடுப்பாங்க, உயரமான இடத்துல வாக்கி டாக்கியோட ஆள் நிப்பாங்களா, வண்டி போகாத பகுதியில இருந்து எப்படி இறக்குவாங்க, ஸ்டார்ட்ல கிட்டை நிஜமா பிரிச்சு சோதிப்பாங்களா. ஆல்ப்ஸ்ல மோன் பிளாங் மலையை சுத்தி நடக்குற யுடிஎம்பி மாதிரி உலகப் புகழ் பெற்ற ட்ரெயில் ரேஸே 2010ல வானிலையால பாதியில நிறுத்தப்பட்டுச்சு, 2012ல மேல பனிங்கிறதால பாதையையே சுருக்கி மாத்தினாங்க, அதுக்காக பல நாட்டுல இருந்து வந்தவங்க ஏமாந்து போனாங்கதான், ஆனா அப்படி நிறுத்தத் தெரிஞ்சவங்ககிட்டதான் நான் பேர் குடுப்பேன். சரியா பதில் வரலைன்னா அந்த ரேஸுக்கு போகாதீங்க, கட்டின காசு போனா போகட்டும்.

பாதியில நிறுத்துறது. இதை களைச்சுப் போன மூளையால முடிவு பண்ண முடியாது, முன்னாடியே எழுதி வைங்க: இன்ன இன்ன நடந்தா நான் நிறுத்துவேன்னு. சாப்பிட்டது ஒரு மணி நேரமா உள்ள நிக்கலைன்னா, நேரா நடக்க முடியலைன்னா, எய்ட் ஸ்டேஷன்ல உக்காந்து காஞ்ச துணி போட்டும் நடுக்கம் நிக்கலைன்னா. எய்ட் ஸ்டேஷன்ல நிறுத்துறதுதான் எப்பவுமே சுலபம், அடுத்த ஏத்தத்துக்கு நடுவுல நிறுத்தினா நீங்களும் அவதிப்பட்டு உங்களை தூக்க வர்ற வாலண்டியரும் ஆபத்துல மாட்டணும். நிறுத்தினா கண்டிப்பா ஆள்கிட்ட சொல்லி பிப்பை குடுத்துட்டு கிளம்புங்க. சொல்லாம ரூமுக்கு போய் தூங்கிட்டா ராத்திரி முழுக்க மலையில உங்களைத் தேடிட்டு இருப்பாங்க. ஸ்வீப்பர் (கடைசியா வர்றவங்களைப் பாத்துக்கிட்டு பின்னாடி வர்ற ரேஸ் ஆள்) வந்து உங்களை நிறுத்தச் சொன்னா வாதாட வேணாம்.

வழியில யாராவது உக்காந்திருந்தா நின்னு கேளுங்க, நல்லா இருக்கேன்னு சொன்னா மட்டும் நம்பிடாதீங்க, பேரு, எந்த ரேஸ், அடுத்த ஸ்டேஷன் எவ்வளவு தூரம்னு கேளுங்க, பதில் தடுமாறினா விட்டுட்டு போகாதீங்க. அவரோட ஜாக்கெட்டை எடுத்து நீங்களே போட்டு விடுங்க, கூட ஒருத்தர் நில்லுங்க, இன்னொருத்தர் அவரோட பிப் நம்பரும் இடமும் குறிச்சுக்கிட்டு அடுத்த ஸ்டேஷனுக்கு போகட்டும்.

முடிச்ச உடனே நனைஞ்ச துணியை மாத்துங்க, ஃபினிஷ் லைன் தாண்டி நின்ன பிறகு குளிர் ஏறி மயங்கினவங்க இருக்காங்க. அடுத்த ரெண்டு நாள் சிறுநீர் நிறத்தை கவனிங்க. கோலா மாதிரி கருப்பா போச்சுன்னாலோ, பல மணி நேரமா போகவே இல்லைன்னாலோ, தசை வலி நாளுக்கு நாள் கூடுதுன்னாலோ தசை சிதைவு சிறுநீரகத்தை பாதிக்குதோன்னு சந்தேகப்படணும், வீட்டுல தண்ணி குடிச்சு பாக்கலாம்னு இருக்காம ஆஸ்பத்திரிக்கு போய் மலை ரேஸ் ஓடினதையும், ஏதாவது மாத்திரை போட்டிருந்தா அதையும் முதல்லயே சொல்லிடுங்க. வீட்டுக்கு வண்டி ஓட்டுறதுக்கு வேற ஆளை முன்னாடியே ஏற்பாடு பண்ணிக்கங்க.